பெயர் தின்ற மீன்கள்

அடைக்கலத்துறையில் மீன்கள் சுவரில் ஏறிய கோடையைப் பற்றிக் கேட்டால், ஊர்க்காரர்கள் நல்ல மழை பெய்த வருஷத்தைச் சொல்வதுபோல்தான் சொல்வார்கள். எந்த வீட்டுச் சுவரில் எந்த மீன் குடியிருந்தது, எந்தக் கடைப் பலகையை எது கடித்தது, யார் வீட்டுப் பூனை சுவரில் முட்டி முட்டி மூக்கு வீங்கிக் கிடந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஏன் ஏறின என்று மட்டும் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு மீன் போகிற இடத்துக்குக் காரணம் கேட்டுப் பழக்கமில்லை. மீன் இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் பழக்கம்.

பிரகாசி டீச்சர் மாதா கோயிலின் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஓவியமும் தையலும் சொல்லிக்கொடுத்தாள். சத்தம் போட்டுப் பேசமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள், ஆனால் பிள்ளைகள் அவள் வகுப்பென்றால் ஓடிவரும். அவள் புருஷன் கிளாரிஸ் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். ஊரின் வடக்கே ஆறு கடலில் சேருகிற முகத்தில் ஒரு சாயப்பொடி ஆலை இருந்தது. அதன் கழிவு எந்த நாளில் எந்த நிறத்தில் திறந்துவிடப்படுகிறதோ அந்த நாளில் கழிமுகம் அந்த நிறமாக இருக்கும், திருவிழாவுக்குப் போகிறவள் போல அந்த ஆறு தினம் ஒரு சேலை கட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். ஒரு நாள் காலை கிளாரிஸ் அந்த முகத்துக்குப் பக்கத்தில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து ஆலையின் மதகைத் திறந்துவிட்டார்கள். அவன் மேலே வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தான். திறந்த பிறகு அதில் ஒன்றும் தெரியவில்லை.

ஊர் திரண்டு ஆலை வாசலுக்குப் போனது. முதலாளி வெளியே வந்தார். அந்த முதலாளிக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத வழியில்லை, ஏனென்றால் அது இப்போது உலகத்தில் எங்குமே இல்லை. அந்தக் காலத்தில் அது ஆலை வாசலில் ஆள் உயர எழுத்தில் இருந்தது, சாய டப்பாக்களில் இருந்தது, பஸ் நிழற்குடையில் இருந்தது, கோயில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யாருக்குக் கண்ணு போச்சு?" என்று கேட்டார் முதலாளி.

"கிளாரிஸுக்கு" என்றார்கள்.

"பேரெல்லாம் எனக்கெதுக்கு? குடிச்சிட்டுத் தண்ணில விழுந்தவன்னு சொல்லுங்க, புரிஞ்சுக்கிடுதேன்."

மறுநாள் பத்திரிகையிலும் அப்படியே வந்தது: போதையில் கடலில் விழுந்த மீனவர் பார்வை இழந்தார். கிளாரிஸ் வாழ்நாளில் குடித்ததில்லை. அந்தச் செய்தியை யாரோ வாசித்துக் காட்டியபோது, கண் போனதற்கு அழாதவன் அன்றைக்கு அழுதான். "எம் பேரைக்கூடப் போடல பாத்தியா" என்றான் பிரகாசியிடம். "அந்த ஆளு ஒரு தடவ என் பேரைச் சொல்லி, தப்பு எம்மேலதான்னு சொன்னாப் போதும்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம்." அவளுக்கு வேறு நிறைய வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் வைத்தார்கள். 'கடல் நம் தாய்' என்று தலைப்பு. கலையும் அறிவியலும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது; சாயமும் தூரிகையும் பிள்ளைகளுக்கு மேலே கட்டிக்கொள்ளத் துணியும் முதலாளி தந்தார். ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் அவர் பெயர் அச்சாகியிருந்தது. காகிதத் தட்டில் நண்டு, பிளாஸ்டிக் கிண்ணத்தில் சொறிமீன், நூலில் கோத்த சிப்பி என்று தலைமையாசிரியர் ஒரு திட்டம் கொடுத்திருந்தார். ஆனால் முகாம் தொடங்குகிற அன்று காலை கழிமுகம் கருநீலமாகப் போனது, வெயில் ஏறுவதற்குள் கரை முழுக்கச் செத்த மீன் ஒதுங்கிக் கிடந்தது. சாளை, நெத்திலி, காரல், விளமீன், ஊளி, கிழங்கான், குட்டித் திருக்கை, எல்லாம் வாயைத் திறந்தபடி, ஏதோ கேட்க வந்து கேட்காமல் போனவை போல.

பிரகாசி பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போனாள்.

"காகிதத் தட்டெல்லாம் வேண்டாம். ஆளுக்கொரு மீன் எடுங்க. எது பிடிச்சிருக்கோ அது."

முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். உப்பும் புளித்த காடியும் விட்டுக் கழுவி மீனின் வழவழப்பைப் போக்கினார்கள், பழந்துணியால் ஈரம் ஒற்றி எடுத்தார்கள், துடுப்பை விரித்து ஊசி குத்தி நிறுத்தினார்கள். பிரகாசி ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் காட்டினாள்: இது செவுள் மூடி, இதுக்குள்ளதான் மூச்சு. இது முதுகுத் துடுப்பு, சாயாமப் பாத்துக்கிடும். இந்தா, செவுள்லருந்து வால் வரைக்கும் ஓடுதே, இது பக்கக் கோடு. தண்ணி அசையறத இது சொல்லிரும். கண்ணு தெரியாத இருட்டுத் தண்ணிலயும் மீன் இத வச்சுத்தான் வழி கண்டுபிடிக்கும்.

"கிளாரிஸ் மாமாவுக்கும் கோடு இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள் அன்சிலா என்கிற பிள்ளை.

"இல்லம்மா" என்றாள் பிரகாசி. "சாயத்த எடுங்க."

டப்பாவைத் திறந்து மீன்மேல் மெலிதாகச் சாயம் பூசினார்கள். "இந்த மீனுக்கு இந்தச் சாயம் ஏற்கெனவே பழக்கம்தான்" என்றாள் பிரகாசி, யாருக்கும் சொல்லாததுபோல. பட்டம் ஒட்டுகிற மெல்லிய தாளை மேலே போர்த்தி, விரலால் தலையிலிருந்து வால் வரை நீவிக்கொடுத்து, ஒரு ஓரமாகத் தூக்கி உரித்தெடுத்தால், ஒவ்வொரு செதிலும் துடுப்பின் ஒவ்வொரு முள்ளும் அப்படியே தாளில் வந்திருந்தது. கண் மட்டும் வராது. கண்ணிருக்கும் இடம் வெள்ளையாகக் குழிந்து கிடக்கும். அதைத் தூரிகையால் வைக்கவேண்டும்.

"கண்ண எல்லாருஞ் சேர்ந்து ஒரே நேரத்துல வைப்போம்" என்றாள் பிரகாசி. "பூசையில மணியடிக்கும்போது எல்லாரும் முட்டி போடுறோம்ல, அது மாதிரி. நான் சொல்லும்போது."

அவள் சொன்னாள். பிள்ளைகள் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு கண் வைத்தார்கள். தாள்களை உலரவிட்டு, சாப்பிடப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது தாள்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன, மீன்கள் பள்ளிக்கூடச் சுவரில் நீந்திக்கொண்டிருந்தன.

பிள்ளைகள் கத்தவில்லை. தங்கள் தங்கள் மீனைத் தேடிப்பிடித்து அடையாளம் காட்டினார்கள். தலைமையாசிரியர் வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "திட்டத்துல இது இல்லையே டீச்சர்" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் மீன்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டின. சுவர் தொட்ட இடமெல்லாம் அவற்றுக்குத் தண்ணீர்தான். மூலையில் திரும்பின, கதவு நிலைக்கு அடியில் நுழைந்தன, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே சந்து இருந்தால் தரையில் இறங்கிச் சிமெண்டு தளத்தின் வழியாகக் கடந்தன. யாரோ சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். மீன் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டு மேலே வந்தது. பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஈரம் பட்ட இடத்துக்கு மீன்கள் கூட்டமாக வந்து விளையாடியதைப் பார்த்துவிட்டு, இதில் பிசாசின் வேலை எதுவும் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஊர் நிம்மதியாயிற்று. சாளைக்கூட்டம் சுவரில் தெற்கே முகம் வைத்திருந்தால் ஆண்கள் தெற்கே வள்ளம் தள்ளினார்கள், வலை நிறைந்து வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்த்தார்கள். திருக்கை இருக்கிற வீட்டில் பெண் எடுக்கத் தயங்கினார்கள், விளமீன் இருக்கிற வீடு நல்ல வீடு என்றார்கள். ஒரு ஊளி அடுத்த வீட்டுச் சுவருக்குப் போனதற்காக இரண்டு குடும்பத்துக்குள் சண்டை வந்து கமிட்டி கூடி, மீன் எந்தச் சுவரில் இருக்கிறதோ அந்தச் சுவருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். உச்சி வெயிலில் கொஞ்சம் கவிச்சி அடிக்கும். அதுவும் அந்த ஊருக்குப் புதிதில்லை.

கிளாரிஸ் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மீன் விரலுக்கடியில் போகும்போது அவன் முகம் இளகும். "சாளை போவுது" என்பான். "குட்டி. பயந்துக்கிட்டுப் போவுது." பிரகாசி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நாட்களில் அவள் கொஞ்சம் சிரித்தாள் என்றுகூடச் சொல்கிறார்கள்.

பிறகு மீன்களுக்குப் பசித்தது.

வண்ணத்தில் எழுதியிருந்த எழுத்துகளைத்தான் அவை தின்றன. முதலில் டியூஷன் விளம்பரம் போனது. பிறகு கட்சிக்காரர்கள் எழுதியிருந்த சுவர்களில் தலைவர்களின் பட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வெறும் ஆட்களாக நின்றார்கள். பஸ் நிறுத்தத்தில் ஊரின் பெயரைத் தின்ற அன்று அரசு பஸ் நிற்காமல் போய்விட்டது. ஊர் பெயர் இல்லாத இடத்தில் எப்படி நிறுத்துவது என்று டிரைவர் கேட்டார். அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. ஆனால் ஒரு நாள் காரல் கூட்டம் ஒன்று கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டி உள்ளே போய், சிலுவைகளில் கறுப்புச் சாயத்தில் எழுதியிருந்த பெயர்களைக் கொறிக்கத் தொடங்கியதும், பெண்கள் விளக்குமாறோடு ஓடினார்கள். புருஷன் பெயரை, பிள்ளை பெயரை, தாயின் பெயரை ஆளுக்கொன்றாகக் காவல் காத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் முகாமின் நிறைவு விழா வந்தது, முதலாளி வந்தார்.

கோயில் மண்டபத்தில் மேடை. பின்னால் அவர் பெயர் எழுதிய பெரிய துணிப்பலகை. சுவரெல்லாம் மீன். முதலாளி மீன்களைப் பார்த்துக் கொஞ்சமும் அசரவில்லை, ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கம்பெனிச் சாயத்தோட தரத்தப் பாத்தீங்களா? உசிரு உள்ள மாதிரியே இருக்கு!" என்றார். ஆலை ஆட்கள் கைதட்டினார்கள். இறங்கி வரும்போது முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த கிளாரிஸைக் கண்டு நின்றார்.

"இது யாரு?"

கோயில் கணக்கப்பிள்ளை காதில் ஏதோ சொன்னார்.

"ஓ, அந்தத் தண்ணி கேஸா."

"அவங்க பேரு கிளாரிஸ்" என்றாள் பிரகாசி.

முதலாளி அவளை அப்போதுதான் பார்த்தார். "இருக்கட்டும்மா. பேரைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று சொல்லி, கிளாரிஸின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பொன்னாடையைச் சரிசெய்தபடி காருக்குப் போனார்.

கிளாரிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிரகாசி அவன் தோளைப் பார்த்தாள், முதலாளியின் கை பட்ட இடத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். அப்புறம் மேடையைப் பார்த்தாள். ஒரு ஒற்றைக் காரல் சுவரிலிருந்து துணிப்பலகைக்குத் தாவி, முதலாளி பெயரின் முதல் எழுத்தை ஓரமாகக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கடித்து, நின்று, ருசி பார்ப்பதுபோலச் செவுளை அசைத்து, மறுபடி கடித்தது.

தூண்டிலுக்கு இரை கோக்கிறவனுக்கு மகளாய்ப் பிறந்தவள் பிரகாசி. மீனை ஓரிடத்துக்குப் பழக்குவது எப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முகாமில் மிஞ்சிய சாய டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஊர் சாப்பிட்டு உறங்குகிற மத்தியான நேரத்தில், வெயில் தெருவைக் காலியாக்கி வைத்திருக்கும்போது, மீன் கழுவின தண்ணீரைச் சாயத்தில் கலந்து எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் முதலாளியின் பெயரை எழுதினாள். தையல் டீச்சரின் கை. ஒவ்வொரு எழுத்தும் இழை பிரித்ததுபோல இருந்தது. எழுதிவிட்டு ஒதுங்கி நின்றாள். சாளை வந்தது, காரல் வந்தது, ஊளி எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் சுவர் சுத்தமாயிற்று. மறுநாள் பனிக்கட்டிக் கூடத்துச் சுவரில் எழுதினாள், அடுத்த நாள் வலைக்கூடத்தில், பிறகு நூலகத்தில், பிறகு ஆலைக்குப் போகிற சாலையின் பாலத்தில். ஒவ்வொரு நாளும் ஆலைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில். கல்லறைப் பெயர்களைக் காப்பாற்றத்தான் டீச்சர் மீன்களுக்கு வேறு இரை வைத்தாள் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். மீன்கள் கல்லறைத் தோட்டத்தை விட்டுப் போனது உண்மை, பெண்கள் விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பியதும் உண்மை. ஆனால் பிரகாசி அதற்காகச் செய்யவில்லை. எழுதும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பினால் தாடை வலிக்கும்.

மீன்களுக்கு அந்தப் பெயரின் ருசி பிடித்துவிட்டது. வேறு எதையும் அவை தொடவில்லை. சுவர் சுவராக, தளம் தளமாக, கூட்டம் கூட்டமாக வடக்கே நகர்ந்தன. ஆலை வாசலின் ஆள் உயரப் பெயரை ஒரு முற்பகலில் தின்று தீர்த்தன. காவலாளி சாவகாசமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தான். பிறகு டப்பாக்களில் இருந்தது போனது, பிள்ளைகளின் நெஞ்சில் அச்சடித்திருந்தது போனது, கோயில் மின்விசிறிகள் வெறும் இறக்கையாகச் சுற்றின. முதலாளியின் அடையாள அட்டைகளில் படம் இருந்தது, பெயர் இருந்த இடத்தில் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் பேனா நகர்கிற வேகத்திலேயே ஒரு நெத்திலி பின்னால் வந்து தின்றுகொண்டு போனது.

அதோடு நின்றிருந்தால் பிரகாசிக்கும் ஒருவேளை போதுமென்று இருந்திருக்கும். ஆனால் எழுத்தெல்லாம் தீர்ந்தபிறகு பெயர் ஜனங்களின் வாயிலிருந்தும் போகத் தொடங்கியது. டீக்கடையில் ஒருவன், "நம்ம ஆலைக்காரரு... அவரு... அவரு பேரென்னவே?" என்றான். யாருக்கும் வரவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வடை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு அதுவும் பழகிவிட்டது. கார் டிரைவர் முதலாளியை ஏற்ற மறுத்தான். யாரென்று தெரியாதவரை ஏற்றக்கூடாதென்று தனக்கு முதலாளி உத்தரவு என்றான். காவலாளி ஆலைக்குள் விடவில்லை. ஆலையின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்து, யார் பெயரிலும் இல்லை என்று கண்டு, வாசலைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். கழிமுகம் தண்ணீர் நிறத்துக்கு வந்தது.

பெயர் போனது முதலாளியின் மனைவிக்குத்தான் எல்லாருக்கும் கடைசியில் தெரிந்தது, ஏனென்றால் அவள் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை ஒரு தடவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஏங்க" என்றே கூப்பிட்டு வாழ்ந்தவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. புருஷன் அவள் முன்னால் உட்கார்ந்து, "நீயாவது சொல்லு, எம்பேரு என்ன?" என்று கேட்டபோதுதான், இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடலாமென்று சந்தோஷமாக வாயைத் திறந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் அழுத அழுகை பக்கத்துத் தெருவரை கேட்டது.

ஆலையில் வேலை பார்த்த பெண்கள் அடைக்கலத்துறையிலும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு சூசையம்மா மகள் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தாள். சூசையம்மா வந்து வாசலில் நின்று, "எல்லாம் ஒங்க வீட்டு மீனு செஞ்ச வேலதான் டீச்சர். அவரு கெட்டவரு, இல்லைங்கல. எம்மவ என்ன பாவஞ் செஞ்சா?" என்று கேட்டாள். பிரகாசி அவள் மடியில் அரிசி அளந்து போட்டாள். பாவம் என்று தோன்றியது, உறுத்தியது. மத்தியானம் ஆனதும் சாயத்தைக் கலக்கிக்கொண்டு மறுபடி கிளம்பினாள்.

ஏனென்றால் பெயர் இன்னும் ஒரே ஓர் ஆளிடம் மிச்சமிருந்தது. தினமும் எழுதிக்கொண்டிருந்ததால் அது பிரகாசியின் விரலில் ஊறியிருந்தது, வெளியே எத்தனை சுவரில் தின்னக் கொடுத்தாலும் வீடு திரும்பும்போது அப்படியே இருந்தது. ஊரில் எந்தச் சுவரில் எழுதினாலும் மீன் ஓடி வரும். வீட்டுச் சுவரில் மட்டும் அவள் எழுதியதில்லை. அங்கே எழுதினால் தன்னிடம் இருப்பதும் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

கிளாரிஸுக்குக் கண் இல்லாவிட்டாலும் மூக்கு இருந்தது.

"ஒங்கையில சாயம் மணக்குது" என்றான் ஒரு நாள், சோறு பிசைந்து வைத்தபோது.

"முகாம்ல ஒட்டினது."

"முகாம் முடிஞ்சு எத்தன நாளாச்சுட்டி. நீதான் வச்சுக்கிட்டு இருக்க. ஊரே மறந்துட்டு, நீ மட்டும் மறக்காம வச்சிருக்க."

"ஆமா" என்றாள்.

"எதுக்கு?"

"ஒங்களுக்காகத்தான்."

"எனக்கா?" கிளாரிஸ் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "எனக்கு அந்த ஆளு வந்து ரெண்டு வார்த்த சொல்லணும். அவ்வளவுதான நான் கேட்டது. நீ பண்றதப் பாத்தா, அந்த ரெண்டு வார்த்தயச் சொல்ல ஆளே இல்லாமப் பண்ணிருவ போலிருக்கு."

அவள் தட்டை அவன் பக்கமாக நகர்த்தினாள். "சாப்பிடுங்க" என்றாள்.

அதற்கடுத்த வாரம் முதலாளி வந்தார். வெயில் சாய்கிற நேரம். செருப்பில்லாமல், வேட்டியில் சாலைப் புழுதியோடு நடந்தே வந்திருந்தார். வழியில் யாரும் அவரை நிறுத்தவில்லை, யாரும் நலம் விசாரிக்கவில்லை. மீன்கள் டீச்சரின் வகுப்பிலிருந்து வந்தவை என்று அவர் மனைவி கேள்விப்பட்டு, அங்கே போய்க் காலில் விழுங்க என்று அனுப்பியிருந்தாள். வாசல்படிக்குக் கீழே நின்றார்.

"கிளாரிஸ் அண்ணாச்சி" என்றார்.

நாற்காலியில் இருந்த கிளாரிஸ் அந்தக் குரலுக்கு எழுந்தே விட்டான். சுவரில் கையூன்றிக்கொண்டு நின்றான்.

"கிளாரிஸ் அண்ணாச்சி, நீங்க குடிக்கல. நான்தான் மதகத் தொறக்கச் சொன்னேன். கீழ ஆளு முங்கியிருக்குன்னு வந்து சொன்னாங்க, அப்பவும் தொறக்கச் சொன்னேன். தப்பு எம்மேலதான். என்னய மன்னிக்கணும்."

பிரகாசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆளு முங்கியிருக்குன்னு வந்து சொன்னாங்க. அது அவளுக்கு இதுவரை தெரியாது. யாருக்கும் தெரியாது.

கிளாரிஸ் சுவரிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தான். பிறகு, இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்துவைத்திருந்தவன்போல நிதானமாகக் கேட்டான். "மன்னிப்புக் கேக்கது யாரு? பேரைச் சொல்லிக் கேளுங்க. ஒங்க பேரைச் சொல்லி நான் மன்னிக்கணும்ல. பேரில்லாம எப்படி மன்னிக்க?"

முதலாளி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. அவர் அழுதார், வளர்ந்த ஆள் அழுவதுபோல அல்ல, திருவிழாக் கூட்டத்தில் கைவிடப்பட்ட பிள்ளை போல, எந்த ஊர், யார் மகன் என்று கேட்பவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் அழுவதுபோல அழுதார்.

கிளாரிஸ் பிரகாசி நிற்கிற பக்கம் திரும்பினான். அவள் எங்கே நிற்கிறாள் என்று அவனுக்கு எப்போதும் தெரியும்.

"சொல்லிருட்டி. ஒங்கிட்டதான இருக்கு. ஒரு தடவ சொன்னா அவருக்கு வந்துரும். அவரு சொல்லட்டும், நான் மன்னிச்சிருதேன், இதோட முடிஞ்சிரும். எனக்காகச் சொல்லு."

அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். புருஷனின் முகத்தைப் பார்த்தாள்; கண் போனதிலிருந்து அந்த முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. படிக்குக் கீழே நின்றவனைப் பார்த்தாள். தோளில் இரண்டு தட்டுத் தட்டிய கை அது. ஆளு முங்கியிருக்குன்னு வந்து சொன்னாங்க.

"தண்ணி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுப்படியில் சாய டப்பா இருந்தது. அடியில் ஒரு விரற்கடை கருநீலம். விரலை முக்கி, அடுப்புக்கு மேலே புகை படிந்த சுவரில், தன் வீட்டுச் சுவரில், முதல் முறையாக அந்தப் பெயரை எழுதினாள். நிதானமாக, சுழிகளைச் சரியாகப் போட்டு, ஒரு புள்ளியும் விடாமல் எழுதினாள். எழுதும்போது எழுத்தெழுத்தாக விரலிலிருந்து அது இறங்குவது தெரிந்தது. பரண் பக்கத்திலிருந்து ஒரு கிழங்கான் மெல்ல நீந்தி வந்தது. நிறுத்துவதற்கு அவளுக்கு நேரம் இருந்தது. உள்ளங்கையால் பொத்தியிருக்கலாம். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மீன் கடைசி எழுத்திலிருந்து தொடங்கித் தின்றது; முதல் எழுத்தும் போனபோது, இத்தனை நாள் எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்பதும் அவளுக்கு மறந்திருந்தது.

பானையில் தண்ணீர் மொண்டு டம்ளரோடு வெளியே வந்தாள். வாசலில் யாரோ ஒருவர் அழுதுகொண்டு நின்றார், வேட்டியெல்லாம் புழுதி. வெகுதூரம் நடந்து வந்தவர்போல இருந்தது. பாவமாக இருந்தது அவளுக்கு.

"இந்தாங்க, குடிங்க" என்று நீட்டினாள். "யாருங்க நீங்க? யாரப் பாக்கணும்?"

முதலாளி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். அந்தக் குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை. அதைக் கேட்டு கிளாரிஸ்தான் நாற்காலியைத் தடவி மெல்ல உட்கார்ந்தான்.

"போயிருச்சா?" என்றான்.

"எது?" என்று கேட்டாள் பிரகாசி.